முதல் பிஸ்டல் வாங்கும் முன்: கம்பம், குமுளி, போடி பக்கத்து ஏலத்தோட்டக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

பட்டாளத்தில் 17 வருடம் இருந்துவிட்டு வந்து, வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டம் பார்க்கிறேன். குடும்பம் கம்பத்தில். வாரத்துக்கு இரண்டு முறையாவது மலை ஏறி இறங்குகிறேன். என்னிடம் லைசென்ஸ் துப்பாக்கி இருப்பது தெரிந்த நாளிலிருந்து புற்றடி ஏலக்காய் ஏலத்தில், டீக்கடையில், கல்யாண வீட்டில் என்று எங்கே பார்த்தாலும் யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டதை எல்லாம் இங்கே எழுதிவிட்டேன்.

அண்ணே, சனிக்கிழமை கூலிப் பணம் எடுத்துக்கொண்டு மலை ஏறுகிறேன். எனக்குப் பிஸ்டல் தேவையா?

பெரும்பாலும் தேவையில்லை. முன்பு காய் விற்ற பணம் மூட்டையாகக் கைக்கு வந்தது. இப்போது மின்னணு ஏலத்தில் விற்கிற காய்க்குப் பணம் வங்கிக் கணக்கில் விழுகிறது. மிச்சம் இருப்பது கூலிப் பணம்தான். அதற்கு முதல் காவல், போகிற நேரத்தையும் வழியையும் மாற்றுவது, கூட ஒரு ஆளை வைத்துக்கொள்வது, எவ்வளவு எடுத்துப் போகிறோம் என்று ஜீப்பில் பேசாமல் இருப்பது. கொண்டை ஊசி வளைவில் வண்டியை மறித்தால், சீட் பெல்ட்டுக்கு அடியில் இடுப்பில் இருக்கிற பிஸ்டலை எடுக்கவே நேரம் இருக்காது.

ஆனால் அக்கம்பக்கம் இல்லாத தோட்ட வீட்டில் தனியாகத் தங்குகிறவர், முன்பே மிரட்டல் வந்து காவல் நிலையத்தில் புகார் கொடுத்தவர் என்றால் விஷயம் வேறு. அவருக்குக் காரணம் இருக்கிறது, அதை எழுத்தில் காட்டவும் முடியும். தொடர்ந்து படியுங்கள்.

யூடியூபில் 9 எம்.எம். பிஸ்டல்தான் நல்லது என்கிறார்களே?

அது அமெரிக்கக்காரர்களுக்கு. நம் நாட்டில் 9 எம்.எம்., .38, .45 எல்லாம் தடை செய்யப்பட்ட காலிபர்கள், அதாவது குழல் அளவுகள். பட்டாளத்தில் நான் பழகியது ஈசாப்பூரில் செய்த 9 எம்.எம். பிஸ்டல். அருமையான ஆயுதம், ஆனால் வீட்டுக்கு வந்தபின் அதை நினைத்துப் பயனில்லை. சாதாரணக் குடிமகனுக்கு லைசென்ஸில் கிடைக்கிற கைத்துப்பாக்கி நடைமுறையில் இரண்டு: .32 பிஸ்டல், .32 ரிவால்வர். குறி சுட மட்டும் என்றால் .22 உண்டு.

இந்த இரண்டு .32-ம் ஒன்றல்ல. பிஸ்டலுக்குப் போகிற தோட்டா .32 ஏ.சி.பி. ஜான் பிரவுனிங் 1899-ல் கொண்டுவந்தது, ஐரோப்பாவில் 7.65 எம்.எம். என்று பெயர். ரிவால்வருக்குப் போவது .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங். ஒன்றை மற்றதில் போடக் கூடாது. கடையில் வெறும் “முப்பத்திரண்டு” என்று கேட்காதீர்கள். பிஸ்டல் தோட்டாவா, ரிவால்வர் தோட்டாவா என்று சொல்லிக் கேளுங்கள்.

செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலா, ரிவால்வரா?

இதைப் பற்றி நான் நிறையவே யோசித்திருக்கிறேன், என் கருத்தும் வருடங்களில் மாறியிருக்கிறது.

செமி ஆட்டோமேட்டிக் என்றால், விசையை ஒரு முறை இழுத்தால் ஒரு குண்டு போகும். காலித் தோட்டா தானே வெளியே விழுந்து, மேகசின் என்கிற தோட்டாப் பெட்டியிலிருந்து அடுத்தது தானே சேம்பருக்கு, அதாவது குழலின் பின்னால் தோட்டா உட்காரும் அறைக்கு, ஏறும். .32 பிஸ்டல்களில் பெரும்பாலானவற்றில் பூட்டு என்று எதுவும் இல்லை. ஸ்லைடின் (மேலே முன்னும் பின்னும் நகரும் இரும்புப் பகுதி) எடையும் அதைத் தள்ளும் ஸ்பிரிங்கும்தான் தோட்டா வெடிக்கிற நேரத்தில் அதை மூடி வைத்திருக்கின்றன. அதனால்தான் தோட்டா சின்னதாக இருந்தும் ஸ்பிரிங் முரட்டுத்தனமாக இருக்கிறது. மணிக்கட்டில் பலமில்லாதவர்கள், மூட்டுவலிக்காரர்கள் ஸ்லைடை முழுதாகப் பின்னுக்கு இழுக்கச் சிரமப்படுவார்கள். பாதி இழுத்து விட்டால் சிக்கும்.

இன்னொன்று, .32 பிஸ்டல் தோட்டாவின் அடி விளிம்பு உடலைவிடக் கொஞ்சம் அகலம். மேகசினில் நிரப்பும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் போய்விட்டால் இரண்டும் கொக்கி போட்டுக்கொள்ளும், அப்புறம் மேகசினைக் கழற்றினால்தான் வழி. ஒவ்வொன்றாகப் பார்த்து நிரப்பினால் இது வராது.

ரிவால்வரில் இந்தத் தொல்லைகள் இல்லை. ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி விசையை இழுத்தால் போதும், அடுத்தது வந்துவிடும். உள்ளே தோட்டா இருக்கிறதா என்பதும் சிலிண்டரைத் திறந்தால் கண்ணுக்குத் தெரியும். ஆனால் விசை கனம், சிலிண்டர் தடிமனாக இருப்பதால் சட்டைக்கு மேல் துருத்தும்.

வருடத்துக்கு ஒரு முறைதான் சுடுவேன் என்கிறவருக்கு ரிவால்வர். மாதம் ஒரு முறையாவது கிளப்புக்குப் போய், கழற்றித் துடைத்து, பழகத் தயாராக இருக்கிறவருக்குப் பிஸ்டல். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. பழகாத கையில் செமி ஆட்டோமேட்டிக் இருப்பதைப் பார்த்தால் எனக்குப் பயம்.

இடுப்பில் வைக்கவும் ஞாயிற்றுக்கிழமை அட்டையில் சுடவும் ஒரே பிஸ்டல் போதுமா?

போதும், ஆனால் எதை எதிர்பார்க்கிறீர்கள் என்று தெளிவாக இருங்கள். இடுப்புக்கு ஏற்ற பிஸ்டல் என்றால் குழல் குட்டை, முன் சைட் (குறி பார்க்கும் முனை) நெல்மணி அளவு. 10 மீட்டரில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குள் எல்லாக் குண்டும் விழுந்தால் நன்றாகச் சுடுகிறீர்கள் என்று அர்த்தம். 25 மீட்டரில் கருப்பு வட்டத்தின் நடுவைத் தேடினால் மனம் நொந்துபோவீர்கள். குறை உங்களிடமும் இல்லை, பிஸ்டலிடமும் இல்லை.

குறி சுடுவதில் ஆசை வந்துவிட்டால் அதற்குத் தனி ஆயுதம் வேண்டும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம் ராணுவத்து விஜய் குமார் வெள்ளி வாங்கியது 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டலில், அது .22. மனு பாக்கர் 2024 பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கியது 10 மீட்டர் ஏர் பிஸ்டலில், அது .177. அந்த ஏர் பிஸ்டல் போன்ற, 20 ஜூல் சக்திக்கு உட்பட்ட .177 காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம்.

ஆகவே யார் கேட்டாலும் நான் சொல்வது: முதலில் ஆறு மாதம் ஏர் பிஸ்டல். கை நடுங்காமல் நிற்பது, மூச்சை அடக்குவது, விசையைப் பிடுங்காமல் அழுத்துவது எல்லாம் அதிலேயே வந்துவிடும். ஆயிரம் குண்டு சுட்டாலும் கை கடிக்காது. .32 தோட்டா விலையும் அதிகம், லைசென்ஸில் எழுதியிருக்கிற எண்ணிக்கைக்கு மேல் வாங்கவும் முடியாது. இருக்கிற கொஞ்ச தோட்டாவை விசை இழுக்கக் கற்றுக்கொள்வதில் செலவழிக்காதீர்கள்.

ஒருவர் பெயரில் எத்தனை என்றால், 2019 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு ஆயுதம்தான். அதற்கு முன் மூன்று. தாத்தா காலத்து ஒற்றைக் குழல் ஏற்கெனவே உங்கள் பெயரில் இருந்தால் அதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

புதுசு வாங்கலாமா, பழைய வெளிநாட்டு பிஸ்டலா?

புதுசு என்றால் அரசு ஆலையின் ‘அஷானி’ .32 பிஸ்டல்தான் நம் ஊரில் அதிகம் புழங்குகிறது. படைக்கலத் தொழிற்சாலை வாரியம் 2021 அக்டோபரில் ஏழு நிறுவனங்களாகப் பிரிந்தபின், கைத்துப்பாக்கிகள் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் கீழ் வருகின்றன. ரிவால்வர் பக்கம் 2014-ல் வந்த எடை குறைந்த ‘நிர்பீக்’, 2023-ல் வந்த ‘பிரபல்’ உண்டு. பிரபலில் சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும்.

பழசு என்றால் வால்தர், பிரவுனிங், பெரெட்டா என்று பெரிய பெயர்கள். சாதாரண ஆட்களுக்கு இறக்குமதி 1980-களில் நின்றுபோனதால், இருக்கிறதுதான் கைமாறிக் கைமாறி வருகிறது. விலை மலை ஏறிவிட்டது. சில வால்தர்கள் உண்மையிலேயே அவ்வளவு பெறும்: 1929-ல் வந்த அந்த ‘பி.பி.’ மாடலில் முதல் குண்டை நீளமான, கனமான விசை இழுப்பில் சுடலாம், சுத்தியலைப் பாதுகாப்பாக இறக்கிவிடவும் அதில் வழி உண்டு. ஆனால் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். நான் பார்க்கிற முறை இது: மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, சேம்பரைக் கண்ணால் பார்த்து விரலாலும் தொட்டுப் பார்ப்பேன். பிறகு குழலுக்குள் டார்ச் அடித்தால் உள்ளே வெட்டியிருக்கும் சுருள் வரிகள் கூர்மையாகத் தெரிய வேண்டும், வளையம் போல் நிழல் தெரிந்தால் குழல் உள்ளே வீங்கியிருக்கிறது, விட்டுவிடுங்கள். ஸ்லைடில் காலித் தோட்டா வெளியேறும் வாய்ப் பகுதியில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். மேகசினின் உதடுகள் நெளிந்திருக்கக் கூடாது. சிக்கல்களில் பாதி மேகசினில்தான் பிறக்கிறது, பழைய பிஸ்டலுக்கு மாற்று மேகசின் தேடுவது குதிரைக் கொம்பு. ஒரே ஒரு மேகசின்தான் இருக்கிறது என்றால் விலையை அதற்கேற்பப் பேசுங்கள்.

கடைசியாக எண். பிஸ்டலில் வெட்டியிருக்கும் எண்ணும் விற்பவரின் லைசென்ஸில் உள்ள எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். விற்கிறவர் 45 நாள் முன்பே அதிகாரிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். “முதலில் நீங்கள் எடுத்துப் போங்கள், பேப்பர் அப்புறம்” என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். லைசென்ஸில் ஏறாத பிஸ்டல் ஒரு ராத்திரி உங்கள் வீட்டில் இருந்தாலும் அது குற்றம்.

கடையில் கையில் எடுத்தால் எது எனக்குச் சரி என்று எப்படித் தெரியும்?

கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து நீட்டுங்கள். கண்ணைத் திறந்தால் முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்குள் ஏறக்குறைய இருக்க வேண்டும். ஆள்காட்டி விரலின் முதல் கணுப் பகுதி விசையில் இயல்பாக உட்கார வேண்டும். சேஃப்டியைப் பிடியை மாற்றாமல் கட்டைவிரலால் தள்ள முடிய வேண்டும். சின்ன பிஸ்டலில் பெரிய கை என்றால் ஸ்லைடு பின்னால் வரும்போது கட்டைவிரல் இடுக்கைக் கிழித்துவிடும், அதையும் பாருங்கள். பளபளப்பு, தந்தப் பிடி, செதுக்கல் எதையும் பார்க்க வேண்டாம்.

தோட்டம் இடுக்கியில், வீடு தேனி மாவட்டத்தில். எந்த கலெக்டரிடம் போக வேண்டும்?

நீங்கள் நிலையாகக் குடியிருக்கிற இடம்தான் கணக்கு. குடும்பம் கம்பத்தில், ரேஷன் அட்டை கம்பத்தில் என்றால் தேனி கலெக்டர். வண்டன்மேட்டிலேயே குடியிருக்கிறவர் என்றால் பைனாவில் இருக்கிற இடுக்கி கலெக்டர். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். மனு இணையம் வழியாகப் போகும், போலீஸ் விசாரணை வரும், பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி பெற்ற சான்றும் வேண்டும். கிடைத்தால் 5 வருடம் செல்லும். புதுப்பிக்க, முடிகிற தேதிக்கு இரண்டு மாதத்துக்கு முன்பே எழுதுங்கள்.

நம் பக்கத்துக்கு மட்டும் ஒரு சிறப்புச் சிக்கல் உண்டு, இது பலருக்குத் தெரியாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 34-வது பிரிவுப்படி, சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் புதிய ஆயுத லைசென்ஸ் கொடுக்க வேண்டுமானால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் ஒப்புதல் வேண்டும். ஒரு பக்கம் பெரியாறு, இன்னொரு பக்கம் மேகமலை. நம் ஊர்களில் பல அந்த வட்டத்துக்குள் வருகின்றன. மனு மாதக்கணக்கில் நகரவில்லை என்றால் காசு கேட்கிறார்கள் என்று நினைக்காமல், கோப்பு வனத்துறைக்குப் போயிருக்கிறதா என்று கேளுங்கள்.

தமிழ்நாட்டு லைசென்ஸ் வைத்துக்கொண்டு குமுளி செக்போஸ்ட் தாண்டலாமா?

லைசென்ஸில் எந்த எல்லைக்குள் செல்லும் என்று எழுதியிருக்கும். அங்கே ‘தமிழ்நாடு’ என்று மட்டும் இருந்தால், லோயர் கேம்ப் வரைதான் உங்கள் பிஸ்டல். கம்பம்மெட்டு, போடிமெட்டு வழிக்கும் இதே கதைதான். மனு எழுதும்போதே, தோட்டப் பத்திரத்தின் நகலை வைத்து, கேரளாவையும் சேர்த்துக் கேளுங்கள். வந்தபின் சேர்ப்பது இன்னொரு அலைச்சல்.

நமக்கு மலையும் கீழ்நாடும் ஒரே ஊர். காலையில் கம்பத்தில் இட்லி, மத்தியானம் அணைக்கரையில் சோறு. காய்கறி வண்டி போகிறது, பள்ளி ஜீப் போகிறது, நாமும் போகிறோம். அந்தப் பழக்கத்தில் இடுப்பில் இருப்பதை மறந்துவிட்டு எல்லை தாண்டியவர்கள் உண்டு. தெரியாமல் வந்தேன் என்று சொன்னால் வழக்கு நிற்காது என்று நம்பாதீர்கள்.

தேக்கடிக்குள்ளோ மேகமலைச் சரணாலயத்துக்குள்ளோ ஆயுதத்தோடு நுழைய எழுத்து அனுமதி வேண்டும். லைசென்ஸ் மட்டும் போதாது. விருந்தாளியைப் படகுக்குக் கூட்டிப் போகிற அன்று பிஸ்டல் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கட்டும்.

எப்படி வைத்துக்கொண்டு போவது? சேம்பரில் தோட்டா ஏற்றி வைக்கலாமா?

2016 ஆயுத விதிகள்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கி ஹோல்ஸ்டர் என்கிற உறையில், உடம்போடு சேர்ந்து, வெளியே தெரியாமல் மூடி இருக்க வேண்டும். வேட்டி மடிப்பில், ஜீப் டேஷ்போர்டில், பணப்பையில் எல்லாம் கூடாது. ஹோல்ஸ்டர் விசையை முழுதாக மூட வேண்டும். நாம் பெல்ட் போடாத ஆட்கள் நிறைய. வேட்டிக்கு மேல் கட்டும் அகலப் பெல்ட்டில் ஹோல்ஸ்டரை மாட்டி, மேலே சட்டையைத் தொங்கவிட்டால் சரியாக இருக்கும்.

சேம்பர் காலியாக இருக்கட்டும். மேகசின் நிறைந்திருக்கலாம். பழைய .32 பிஸ்டல்கள் பலவற்றில், கீழே விழுந்தால் சுடாமல் தடுக்கும் உள் அமைப்பு கிடையாது. மலைப் பாதையில் ஜீப்பிலிருந்து குதிக்கிறோம், மழையில் வழுக்கி விழுகிறோம். எடுத்து, ஸ்லைடை இழுக்க ஒரு நொடி கூடுதலாகும், ஆகட்டும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஏலக்காய் ஸ்டோரில் நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். சொந்தக்காரர் ஒருவர் பிஸ்டலைக் காட்ட எடுத்தார். மேகசினைக் கழற்றி மேசையில் வைத்தார். “காலிதான், பாருங்க மாப்ளே” என்று விசையை இழுத்தார். சேம்பரில் ஒன்று இருந்தது. குண்டு காய்மூட்டையில் புகுந்து நின்றது. அந்த மூட்டைமேல் பத்து நிமிடம் முன்புவரை அவருடைய மகன் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தான். அன்று அவர் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை. பட்டாளத்துக்காரன் நான், கையில் எடுத்தவுடனே வாங்கிச் சேம்பரைப் பார்த்திருக்க வேண்டும், பேச்சில் விட்டுவிட்டேன். மேகசினைக் கழற்றினால் பிஸ்டல் காலியாகிவிட்டது என்ற நினைப்பு இந்த வகை ஆயுதத்தின் முதல் ஆபத்து. மேகசின் முதலில், ஸ்லைடு அடுத்து, கண் கடைசியில். வரிசையை மாற்றி, முதலில் ஸ்லைடை இழுத்துவிட்டு அப்புறம் மேகசினைக் கழற்றினால், புதுத் தோட்டா ஒன்று சேம்பரில் ஏறி உட்கார்ந்திருக்கும்.

தோட்டத்துக்குள்ளேயே சுட்டுப் பழகலாமா? பன்றிக்கு ஆகுமா?

இரண்டுக்கும் இல்லை. .32 குண்டு ஒரு கிலோமீட்டரைத் தாண்டிப் போகும். ஏலச் செடி ஆள் உயரம், சரிவில் யார் காய் எடுக்கிறார்கள் என்று தெரியாது. சுடுவது ரைபிள் கிளப்பில் மட்டும். மதுரையில் கிளப் இருக்கிறது, கோவையில் இருக்கிறது. இடுக்கிப் பக்கத்தவர்கள் மாவட்ட ரைபிள் சங்கத்தைக் கேளுங்கள்.

பன்றி விஷயத்தில், கேரள அரசு 2022-ல் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைப் பஞ்சாயத்துத் தலைவர்களுக்குக் கொடுத்தது. அதுவும் உத்தரவு பெற்ற ஆள், லைசென்ஸ் உள்ள துப்பாக்கியோடு செய்கிற வேலை. பிஸ்டலால் பன்றியைக் காயப்படுத்த முடியும், கொல்ல முடியாது. காயம்பட்ட பன்றி மறுநாள் காலை முதலில் பார்ப்பது வேலைக்கு வருகிற பெண்களைத்தான்.

கல்யாணம், வீரபாண்டித் திருவிழா என்று வானத்தைப் பார்த்துச் சுடுவதற்கு 2019 முதல் 2 வருடம் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

வீட்டில் பழக வழி உண்டா?

உண்டு. தோட்டா எல்லாவற்றையும் வேறு அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, சேம்பரை இரண்டு முறை பார்த்துவிட்டு, கருங்கல் சுவரைப் பார்த்து விசையை இழுத்துப் பழகலாம். முன் சைட் ஆடாமல் விசை விழ வேண்டும். தினம் பத்து நிமிடம். சைட்டுக்கு மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, அது விழாமல் இழுக்கப் பாருங்கள். .22-ல் மட்டும் போலித் தோட்டா இல்லாமல் இப்படிச் செய்யாதீர்கள், அடி ஊசி சேம்பர் விளிம்பில் மோதிக் கெட்டுப்போகும்.

திருடன் ஓடுகிறான், சுடலாமா?

கூடாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமை தருகின்றன. ஆபத்தைத் தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் போக அவை இடம் தரவில்லை. முதுகு காட்டி ஓடுகிறவனால் உங்கள் உயிருக்கு ஆபத்து இல்லை.

மலையில் துருப்பிடிக்கிறதே?

ஆனியிலிருந்து ஐப்பசி வரை நம் மலையில் சுவரே வியர்க்கும். தோல் ஹோல்ஸ்டருக்குள் வைத்துப் பூட்டாதீர்கள், தோல் ஈரத்தை இழுத்து இரும்புக்குக் கொடுக்கும். வாரம் ஒரு முறை கழற்றி, துடைத்து, மெல்லிய துப்பாக்கி எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்து உறைந்துவிடும். நாலு வருடப் பழைய தோட்டாவைக் கிளப்பில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதுசு வாங்குங்கள்.

தேர்தல் வந்தால் ஒப்படைக்கச் சொல்கிறார்களே, என்ன செய்வது?

அறிவிப்பு வந்தவுடன் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். 2016-லும் 2021-லும் தமிழ்நாடு, கேரளா இரண்டுக்கும் சட்டசபைத் தேர்தல் ஒரே நாளில்தான் நடந்தது. இரண்டு மாநிலத்திலும் நடமாடுகிற நமக்கு அந்தச் சமயத்தில் சோதனை இரட்டிப்பு. ரசீதில் பிஸ்டல் எண், மேகசின் எத்தனை, தோட்டா எத்தனை என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். கொடுப்பதற்கு முன் எண்ணெய் கொஞ்சம் தாராளமாகப் போடுங்கள், இரண்டு மூன்று மாதம் அலமாரியில் யாரும் தொடாமல் கிடக்கும். திரும்ப வாங்கும்போது அங்கேயே மேகசினைக் கழற்றி, சேம்பரைப் பார்த்து, எண்ணைச் சரிபார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.